சொதிக்கு உப்புப் போட்டாச்சா

போட்டேனா, போடலையா. போட்டேன். ரெண்டாம் பால் ஊத்துன கையோட உப்பு டப்பாவத் தெறந்தேன், அது நல்லா நெனவிருக்கு, தேங்காப்பால் கையில்லா, மூடி பிசுபிசுன்னு ஒட்டிச்சு, முந்தியில தொடச்சேன். தொடச்ச அன்னேரந்தான் பொண்ணோட அப்பா குத்தாலிங்கம் அண்ணாச்சி அடுக்களை வாசல்ல வந்து நின்னு, "பிரமு, எல பத்துமாம்மா?"ன்னு கேட்டாவ. எலைய எண்ணப் போனேன். நூத்தியிருவது எல, அதுல நாலு கிழிசல். எண்ணிட்டு வந்தேன். வந்து போட்டேனா? வந்து கிண்டுனேன், அது தெரியுது, கரண்டியோட கனம் இன்னும் தோள்ல இருக்கு. உப்பு? கல்லுப்பக் கை நெறைய அள்ளுனா உள்ளங்கையில நறநறன்னு இருக்கும்லா, அது இருந்துது. ஆனா அது உருளைக்கெழங்குக்கு அள்ளுனதாவும் இருக்கலாம். ஏ யம்மா, பிரமு, ஒனக்கு இதெல்லாம் தேவையாட்டி. முத முதல்ல ஒத்துக்கிட்ட பெரிய பந்தி, அதுவும் மறுவீட்டுச் சொதி. திருநெல்வேலிப் பக்கம் எங்க ஆளுக வீட்டுல கல்யாணத்துக்கு மறுநாள் பொண்ணு வீட்டுக்காரவ மாப்பிள்ள வீட்டாரக் கூப்பிட்டு உக்கார வச்சுச் சொதி ஊத்துனாத்தான் கல்யாணமே முடிஞ்ச மாதிரி. மொத நா சாம்பார் நல்லால்லன்னா ஒருத்தரும் கண்டுக்கிட மாட்டாவ. சொதி நல்லால்லன்னா, பொண்ணுக்குப் பிள்ள பொறந்து அது பள்ளிக்கூடம் போற வரைக்கும் பேசுவாவ. அந்தச் சொதியத்தான் நான் வச்சுட்டு, உப்புப் போட்டேனா போடலையான்னு தெரியாம, மண்டபத்து அடுக்களையில முழிச்சுக்கிட்டு நிக்கேன்.

மணி பதினொண்ணு இருவது. வெள்ளிக்கெழம, பத்தரை பன்னெண்டு ராகு காலம். பன்னெண்டு அடிக்காம எல போடக் கூடாதுன்னுட்டாவ. அதனால எல்லாத்தையும் எறக்கி வச்சாச்சு, அப்பளம் பொரிச்சாச்சு, இஞ்சிப் பச்சடி ஆறிக்கிட்டு இருக்கு, செய்யதுக்கு ஒரு வேலையும் இல்ல. வேல இருந்தா இந்த மண்டை சும்மா கெடக்கும், வேல இல்லன்னா அது என்னயத் திங்க ஆரம்பிச்சிரும். ஒரு சொட்டு வாயில விட்டுப் பாத்தாத் தெரிஞ்சு போவும். அதுதான் முடியாது. பேச வந்த அன்னைக்கே அண்ணாச்சி ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாவ, "பிள்ளையாருக்குப் படைச்சு மாப்பிள்ள எலையில கை வைக்கிற வரைக்கும் யாரும் வாயில வைக்கப்படாதும்மா, அது எங்க வீட்டு வழக்கம்." சரின்னு தலையாட்டிட்டேன். எங்க வீட்டுலயும் அப்படித்தான், மோந்து பாத்தே சொல்லணும். காரம் மூக்குல தெரியும், புளி தெரியும், கருகுனாத் தெரியும். உப்பும் தெரியும்னு சொல்லுதவ உண்டு. தெரியும் போலத்தான் இருக்கு. இப்பக் கூட மூடியத் தள்ளி மோந்து பாத்தேன். தேங்காப்பால் வாசம் குப்புன்னு வந்து முகத்துல மோதுச்சு பாருங்க, அந்த வாசத்துக்கே எனக்குச் சிரிப்பு வந்துட்டு, உப்ப மறந்துட்டேன். திரும்ப மோந்தேன். திரும்பவும் சிரிப்பு. இப்படிச் சிரிச்சா உப்ப எங்க கண்டுபிடிக்க.

அடையாளம் வச்சிருக்கோம், இல்லாம இல்ல. நானும் செம்பகம் மதினியும் ரெண்டு பேராச் சமைக்கிறதுனால, எதுக்கு உப்புப் போட்டாலும் அந்தப் பாத்திரத்து மூடி மேல ஒரு கறிவேப்பிலை இணுக்கு வைக்கணும். ஒருத்தர் போட்டத இன்னொருத்தர் போட்டுரக் கூடாதுல்லா. மதினி எனக்குப் பக்கத்து வீடு, என்னயவிடப் பத்து வயசு மூப்பு, வாய்தான் கொஞ்சம் நீளம், கை சுத்தம். இந்த அடையாளத்துனால இது வரைக்கும் ஒரு தப்பும் வந்ததில்ல. இப்ப சொதி மூடியப் பாக்கேன், கறிவேப்பிலை இருக்கு. ஆனா இணுக்கு இல்ல, ஒத்த எலை. மூடிக்கு நடுவுலயும் இல்ல, ஓரத்துல சரிஞ்சு கெடக்கு. வச்சதா, விழுந்ததா? தாளிக்கும்போது நான்தான் இந்தப் பக்கம் நின்னு கறிவேப்பிலைய உருவுனேன். உருவுனது தெறிச்சு விழுந்திருக்கலாம். "மதினி, சொதிக்கு உப்பு நீங்க போட்டியளா?" மதினி கையக் கழுவிக்கிட்டே, "நான் எதுக்குப் போடப் போறேன், நீதான சொதிப்பக்கம் யாரும் வராதீங்கன்ன." "அப்ப இந்த எல?" "எந்த எல?" கிட்ட வந்து குனிஞ்சு பாத்தா. பாத்துட்டு, "இது நீ வச்சதுதான்"ன்னா. ரெண்டு நொடி கழிச்சு, "இல்ல, விழுந்ததோ?"ன்னா. நல்லாருக்கு போங்க. கோட்டிக்காரிக்குத் தொணைக்கு இன்னொரு கோட்டிக்காரி.

இன்னைக்குப் பாத்து உப்பு மட்டும் தெரியாம இருந்தாக்கூடப் பரவாயில்ல. பன்னெண்டு மணிக்குள்ள இன்னொரு பதிலும் சொல்லியாவணும். பாளையங்கோட்டையில ஒரு பள்ளிக்கூடத்து ஆபீசுல பதினேழு வருசமா நான் கிளார்க்கு. பெரிய கிளார்க்கு ரிட்டயர் ஆயிட்டாவ, அந்த எடத்துல என்னயப் போடலாம்னு கரெஸ்பாண்டென்ட் சார் நெனைக்கிறாரு. நல்ல மனுசன். புதன்கெழம கூப்பிட்டு, "பிரம்மசக்தி, இனிமே சனிக்கெழம லீவு கிடையாது, சாயந்தரம் ஆறு வரைக்கும் இருக்கணும், ஆனா ரிட்டயர் ஆவுற வரைக்கும் ஒன்ன அசைக்க ஆளு கிடையாது"ன்னாரு. அசைக்க ஆளு கிடையாது. அதக் கேட்டதும் சந்தோசமா இருந்திருக்கணும். என்னமோ ஆணி அடிச்ச மாதிரி இருந்துது. நாலு வருசமா ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வளைகாப்பு, காதுகுத்துன்னு முப்பது பேருக்கு, நாப்பது பேருக்குச் சமைச்சுக் கொடுத்துக்கிட்டு இருக்கேன். சனிக்கெழம போச்சுன்னா காய் வாங்க நேரமில்ல, சாயந்தரம் போச்சுன்னா மாவாட்ட நேரமில்ல, அதோட சமையலும் போச்சு. பழைய கிளார்க்காவே இருக்கேன்னாலும் இனிமே எல்லாருக்கும் இதே நேரந்தானாம், அதனால ஒண்ணு பள்ளிக்கூடம், ஒண்ணு அடுப்பு. "வெள்ளிக்கெழம பன்னெண்டுக்குள்ள சொல்லிரும்மா, இல்லன்னா வெளிய இருந்து ஆளு எடுக்கணும், ஆர்டர் அடிக்கணும்"ன்னாரு. "யோசிச்சுச் சொல்லுதேன் சார்"ன்னேன். இன்னைக்குக் கல்யாண வீட்டுக்குப் போறேன்னு லீவு எழுதிக் கொடுத்துட்டு வந்திருக்கேன். பொய் கிடையாது. கல்யாண வீட்டுலதான் நிக்கேன்.

யோசிச்சுச் சொல்லுதேன். யோசிச்சுச் சொல்லுதேன் சொல்லுதேன்னே நாப்பத்திரெண்டு வயசாயிட்டு. ஆறு வருசத்துக்கு முந்தி ஒரு ஆஸ்பத்திரியில கேன்டீன எடுத்து நடத்துதியான்னு கேட்டாவ. யோசிச்சேன். கூட்டம் வந்தா என்ன செய்ய, வரலன்னா என்ன செய்ய, ரெண்டுக்கும் பயந்தேன். வந்தாலும் பயம் வரலன்னாலும் பயம்னா அதுக்குப் பேரு என்ன? ஒன்றரை மாசம் யோசிச்சு, சரி போய்ச் சொல்லிருவோம்னு போனா, அங்க வேற ஒருத்தி உளுந்தவடை போட்டுக்கிட்டு இருக்கா. வடையும் நல்லாத்தான் இருந்துது, ரெண்டு வாங்கித் தின்னுட்டு வந்தேன். நான் அப்படிப்பட்ட ஆளு. பூட்டுன வீட்டப் பஸ் ஸ்டாப்புல இருந்து திரும்பி வந்து இழுத்துப் பாப்பேன். கேஸ் மூடுனேனான்னு மூணு தரம். ஆபீசுல இதுக்கே எனக்கு நல்ல பேரு. டி.சி. எழுதுனா பொறந்த தேதிய மூணு தரம் சரி பாப்பேன், ஒரு தப்பு வராது. பதினேழு வருசத்துல ஒரு தப்பு வரல. அதச் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் வெக்கமா இருக்கு. ஒரு தப்பும் வராத மாதிரி ஒருத்தி பதினேழு வருசம் இருந்திருக்கான்னா, அவ என்னதான் செஞ்சா? இந்தத் தடவையும் நான் சும்மா வரல, ஒரு கணக்கோடதான் வந்தேன். சொதி நல்லாருக்குன்னு சொன்னா வேல வேண்டாம்னு சொல்லிருவேன். நல்லால்லன்னா பெரிய கிளார்க்கு. முடிவ மாப்பிள்ள வீட்டு நாக்குல வச்சாச்சு, நமக்கு நிம்மதின்னு நேத்து நல்லாத் தூங்குனேன். காலையிலதான் உறைச்சுது, பதில் பன்னெண்டுக்குள்ள, பந்தி பன்னெண்டுக்கு மேல. அவ்வளவு சரி பாக்கிறவளுக்கு இது தெரியல பாருங்க.

வீட்டுக்காரவகிட்டக் கேட்டேன். அவ்வோ பஸ் டெப்போவுல மெக்கானிக்கு. தட்டுல இருந்து தலையத் தூக்காம, "ஒன் இஷ்டம்"ன்னாவ. இந்த ஆம்பளைக ஒன் இஷ்டம்னு சொன்னா அதுல நாலு அர்த்தம் இருக்கும், எந்த அர்த்தம்னு ராத்திரி பூரா உருட்டிப் பாக்கணும். ஆனா அவ்வோ விடிஞ்சதும் கேக்காமலே வண்டியில துருவுன தேங்காய்ச் சட்டியக் கொண்டு வந்து எறக்கிட்டு, "நெறையத் துருவியிருக்க"ன்னுட்டுப் போனாவ. அவ்வோவுக்கு அதுதான் பாராட்டு. அம்பது தேங்கா, விடியதுக்கு முந்தியே எங்க வீட்டுல. நானும் மதினியும் ரெண்டு அருவாமணையப் போட்டு எதிரெதிரா உக்காந்து துருவுனோம், மதினி அவ மாமியாரப் பத்தி ஒரு கத சொன்னா, முழுசாப் பொய்யி, சிரிச்சு சிரிச்சு என் கையில கீறிக்கிட்டேன். பெறகு மொதப் பால், ரெண்டாம் பால், மூணாம் பால்னு தனித்தனியாப் பிழிஞ்சோம். மூணாம் பால்ல முருங்கைக்காயும் காரட்டும் பீன்ஸும் உருளையும் வெந்து, ரெண்டாம் பால் ஊத்தி, பாசிப்பருப்புப் போட்டு, கடைசியா மொதப் பால ஊத்துனா, அது கொதிக்கவும் கூடாது கொதிக்காமலும் இருக்கக் கூடாது, ஓரத்துல நொரை கட்டுத அந்த நொடியில அடுப்ப அணைக்கணும். அணைச்சேன். சரியா அணைச்சேன். எங்கயும் திரியல, மல்லிப்பூ மாதிரி வெள்ளையா நின்னுது. அந்த நொடி எனக்கு என்ன இருந்துதுன்னா, சொன்னா நம்ப மாட்டிய, பசி. பதினேழு வருசத்துல ஆபீசுல எனக்குப் பசிச்சதே இல்ல, மணி ஆச்சேன்னு டப்பாவத் தெறப்பேன். இங்க நிக்கேன், வேர்வ கழுத்துல ஓடுது, காலு ரெண்டும் வீங்கிட்டு, ஒரு ஆளையே முழுங்குத பசி. சந்தோசம்னா இதுதான் போலயிருக்கு, வேற எப்படிச் சொல்ல.

பதினொண்ணு நாப்பத்தஞ்சு. மதினி கிட்ட வந்து குசுகுசுன்னு, "ஏ, பொறத்தால போயி ஒரு சொட்டு நக்கிப் பாத்துட்டு வாட்டி, யாருக்குத் தெரியப் போவுது"ன்னா. யாருக்கும் தெரியாதுதான். கரண்டியத் தொட்டேன் கூட. தொட்டு, விட்டுட்டேன். நல்லவளா நடக்கணும்னு இல்ல. சொன்ன வார்த்த ஒண்ணு இருக்கு, அது ஒரு பக்கம். அது மட்டுமில்ல. இத நக்கிப் பாத்துட்டா அடுத்து எத நக்கிப் பாக்க? அடுத்த மாசம் ஆளு கூப்பிடுவாவளான்னு எந்தச் சட்டியில விட்டு நக்க? மழைக்காலத்துல கல்யாணம் இல்லாம போச்சுன்னா? மக பன்னெண்டாவது முடிச்சுக் காலேஜுக்கு நிக்கும்போது? எல்லாத்துக்கும் மூடி போட்டு வச்சிருக்கு, ஒண்ணுலயும் கை வைக்க முடியாது. அப்ப பாதி உப்பு போட்டு வச்சிருவோமான்னு ஒரு நெனப்பு. ஏற்கெனவே போட்டிருந்தா கரிச்சிரும், கரிச்சதச் சரி பண்ண முடியாது. இல்லன்னா போட்டுக்கிடலாம். சப்புன்னு இருக்கதுக்கு மருந்து இருக்கு, கரிக்கதுக்கு இல்ல. என்ன ஆயிரும்? உப்பு இல்லன்னா உப்பு இல்ல. மனுசன் செத்தா போவான். இவ்வளவு வருசமா நான் பயந்த பயமெல்லாம் முகத்துக்கு நேரா வந்து நின்னா, அதோட உசரமே அவ்வளவுதானோ? ஒரு கை உப்பு உசரமோ? சொதி நல்லாருந்தாத்தான் வேண்டாம்னு சொல்லணுமா, நல்லால்லன்னா என்ன, அடுத்த சொதிய நல்லா வச்சுக்கிடுதேன், எனக்கு வைக்கணும், அதான் விசயம், எனக்கு வைக்கணும்! ராகு காலத்துல போய் யாராவது வேலைய விடுவாவளா? நான் விடுதேன். போன எடுத்தேன். சாருக்கு அடிச்சேன். மணி போவுது, போவுது, எடுக்கல. திரும்ப அடிச்சேன். எடுக்கல. ஏ சவமே, பதினேழு வருசம் கழிச்சு ஒருத்திக்குத் தைரியம் வந்திருக்கு, எடுத்துத் தொலைக்கப்படாதா.

பன்னெண்டு அடிச்சுது. எல விழுந்துது. பிள்ளையாருக்குப் படைச்சு, சூடம் காட்டி, மாப்பிள்ளையையும் பொண்ணையும் உக்கார வச்சு, மண்டபத்து ஆளுக வரிசையா வைக்காவ, எல ஓரத்துல உப்பு, இஞ்சிப் பச்சடி, உருளைக்கெழங்குக் காரக்கறி, அப்பளம், சோறு, சொதி. நான் அடுக்களை வாசல்ல கதவ ஒட்டி நின்னு பாக்கேன். மாப்பிள்ள சொதிய ஊத்திப் பெசஞ்சாரு. ஒரு வாய் வச்சாரு. மெதுவா மென்னாரு. அப்பளத்த எடுத்துக் கடிச்சாரு. திரும்ப ஒரு வாய். திரும்ப அப்பளம். எனக்குப் புரிஞ்சு போச்சு. அப்பளத்த வச்சுச் சொதியச் சமாளிக்காரு, நல்ல பிள்ள. பக்கத்துல அவரு தாய்மாமன், பெரிய மீசை, அவருக்கு அந்த நல்ல கொணம் இல்ல. நிமிந்து மாப்பிள்ளையோட அப்பாவப் பாத்து, "என்ன அத்தான், பொண்ணு வீட்டுல உப்புக்குப் பஞ்சமோ?"ன்னு பந்திக்கே கேக்க மாதிரிக் கேட்டாரு. சிரிப்புச் சத்தம். குத்தாலிங்கம் அண்ணாச்சி முகம் அந்த நிமிசமே கறுத்துப் போச்சு. இதுதான் நான் பயந்தது. நாலு வருசமா, இல்ல, நாப்பது வருசமா இதுக்குத்தான் பயந்தேன். வந்துட்டு. காலு தானா நடக்குது, வாசல விட்டு வெளிய, பந்திக்கு நடுவுல போய் நிக்கேன். "சமைச்சது நான்தான். சொதிக்கு உப்புப் போட மறந்துட்டேன், தப்பு என் தப்பு, அண்ணாச்சிக்கு அதுல ஒண்ணும் கிடையாது. ரெண்டு நிமிசம் அப்பளம் கடிச்சுக்கிட்டு இருங்க, கொண்டாறேன்." என் கொரலா அது? தாய்மாமன் மீசைய ஒதுக்கிக்கிட்டு, "பாலெல்லாம் நல்லாத்தாம்மா வந்திருக்கு, உப்பு மட்டுந்தான்"ன்னாரு. அண்ணாச்சி கையக் காட்டுனாவ, போ போன்னு. நான் ஓடுனேன்.

வெந்நியில கல்லுப்ப அள்ளிப் போட்டுக் கலக்குதேன், அப்படியே கல்லாப் போட்டாக் கரையாது, மதினி துணியில வடிகட்டி சொதியில ஊத்துதா, நான் அடியில இருந்து கிண்டுதேன், அன்னேரம் இடுப்புல போன் அடிக்குது. மதினி எடுத்து என் காதுல வச்சு அமுக்கிக்கிட்டா. சாரு. "பிரம்மசக்தி, மீட்டிங்கில இருந்தேன்மா, ரெண்டு மிஸ்டு கால் இருந்துது. ஆர்டர் அடிக்கச் சொல்லிரட்டுமா?" பள்ளிக்கூடத்துக் கதவு இன்னும் தெறந்துதான் இருக்கு. சரி சார்னு சொன்னாப் போதும், திங்கக்கெழம காலையில மின்விசிறிக்குக் கீழ உக்காந்திரலாம், ஒரு பயலும் மீசைய முறுக்கிக்கிட்டு என்னய ஒண்ணும் கேக்க முடியாது. "சார், நான் வரல சார். இந்த மாசத்தோட நிறுத்திக்கிடுதேன்." "என்னம்மா சொல்லுத? எங்க இருக்க நீ, ஒரே சத்தமா இருக்கு?" "நூத்தியிருவது பேருக்குச் சமைச்சுக்கிட்டு இருக்கேன் சார். சொதியில உப்புப் போட மறந்துட்டேன், எல்லாரும் சிரிக்காவ, இப்பத்தான் போட்டுக்கிட்டு இருக்கேன்." சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு அடக்க முடியல, மதினி ஒரு சொட்ட வாயில விட்டுப் பாத்துட்டு இன்னும் அரைக் கை போடுன்னு விரலக் காட்டுதா, போட்டேன், திரும்பக் கிண்டுனேன். "இதுக்கா வேலைய விடுத? நல்லா யோசிச்சியா? அடுத்த மாசம் இந்தச் சமையல் இல்லன்னா என்ன செய்வ?" "தெரியாது சார்"ன்னேன். அந்த வார்த்தையச் சொல்லிட்டு நான் பெருமூச்சு கூட விடல, அவ்வளவு லேசா வந்துட்டு. சாரு பெறகு, "டி.சி. ரெஜிஸ்டர யாருகிட்டக் கொடுக்க?"ன்னு தனக்குத் தானே கேட்டுக்கிட்ட மாதிரிக் கேட்டுட்டு, "நல்லா இரும்மா"ன்னாரு. மதினி கட்டவெரலத் தூக்கிக் காட்டுனா. வாளியில சொதிய மொண்டு நானே தூக்கிக்கிட்டுப் பந்திக்குப் போனேன். தாய்மாமன் எலையில பழைய சோத்த ஒதுக்கி வச்சிட்டு எடம் பண்ணி வச்சிருந்தாரு. புதுச்சோறு வச்சு ஊத்துனேன். பெசஞ்சாரு, ஒரு வாய் வச்சாரு, ரெண்டாம் வாய், மூணாம் வாய். பெறகு தலையத் தூக்காமலே எலையத் தட்டிக் காட்டி, "எங்க போற, இங்கன ஊத்தும்மா"ன்னாரு.